ஒரே அளவு கொடுப்பதுதான் நீதியா?



பரீட்சைக் காலம் வந்தால் பெற்றோர் சிலரிடமிருந்து ஒரு முறையீடு எழுவதுண்டு. “என் மகனுக்கு மூன்று மணி நேரம், பார்வையில்லாத அந்தப் பையனுக்கு நாலு மணி நேரம். போதாததற்கு, அவன் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வேறு. இது என்ன நியாயம், சாமி?” இதைப் பொறாமை என்று தள்ளிவிடுவது சரியன்று. பிள்ளைகள் இரவு கண்விழித்துப் படிக்கும் வீடுகளிலிருந்து வரும் கேள்வி இது. ஆகையால் இதற்கு மறுமொழி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நீதியாவது அவரவர்க்கு உரியதை அவரவர்க்குக் கொடுப்பது. அரிஸ்டாட்டில் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார், அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் அதை மேலும் விளக்கினார். ஒன்று கொடுக்கல் வாங்கலில் உள்ள நீதி. பத்து ரூபாய்ச் சரக்குக்குப் பத்து ரூபாய். வாங்குகிறவன் யார் என்ற பேச்சில்லை. மற்றது பங்கீட்டில் உள்ள நீதி. பொதுவில் இருப்பதைப் பகிரும்போது அவரவர்க்குத் தக்க விகிதம் பார்க்க வேண்டும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குக் கஞ்சியும், வயலிலிருந்து வந்த மகனுக்குச் சோறும் வைக்கிற தாயைப் பாரபட்சக்காரி என்று யாராவது சொல்வார்களா?

பரீட்சை அளக்க வேண்டியது அறிவை; கண்ணின் கூர்மையையோ கையின் வேகத்தையோ அன்று. பார்வையற்ற மாணவன் கேள்வியைப் பிறர் வாசிக்கக் கேட்கிறான். ஒரு வாக்கியம் சொல்கிறான். அது எழுதி முடியுமட்டும் காத்திருக்கிறான். பிழையிருக்குமோ என்று திரும்ப வாசிக்கச் சொல்கிறான். இதற்கெல்லாம் ஈடாகவே, மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் வேண்டும் என்று மத்திய அரசு 2018-இல் நெறிமுறை வகுத்தது. மூன்று மணிக்கு அது ஒரு மணியாகிறது. அந்த ஒரு மணி அவனுக்கு ஒரு விடையையும் சொல்லிக் கொடுப்பதில்லை.

“இவர்களுக்குத் தனிப் பள்ளிகள் இருக்கின்றனவே” என்பது அடுத்த ஆட்சேபணை. உண்மைதான். பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் செவிகேளாதோருக்கும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிகள் எழுந்தன. அவற்றின் சேவை பெரிது. ஆனால் எந்தப் பள்ளி என்று தெரிந்துகொள்ளும் உரிமை பிள்ளையின் பக்கம் இருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, குறிப்பிட்ட அளவுக்கு மேல் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. அது அக்கம்பக்கத்துப் பள்ளியிலா, தனிப் பள்ளியிலா என்பது அவர்கள் விருப்பம்.

சேர்த்துக்கொண்டால் மட்டும் போதாது; வகுப்பும் வளைந்து கொடுக்க வேண்டும். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, பிள்ளைகள் வட்டமாகத் தரையில் அமர்ந்து, அட்டைகளைக் கொண்டு, அவரவர் வேகத்தில் கற்றல் ஏணியில் ஏறினார்கள். எல்லாரையும் ஒரே பக்கத்தில் நிறுத்தி இழுக்கவில்லை. பெஞ்சுகளை இடம் மாற்றிப் போட்டுவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுவோரும் உண்டு. அது தவறு. வட்ட வரிசையில் செவிகேளாத பிள்ளை எல்லார் முகத்தையும் உதட்டையும் பார்க்கலாம். ஆனால் பார்வை மங்கிய பிள்ளைக்குக் கரும்பலகை அருகே நேராக அமர்வதே நல்லது. சக்கர நாற்காலிக்கு இடைவழி வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் குழு வேலையின் இரைச்சலே வேதனையாகலாம். அதற்கு ஒதுங்க ஓர் அமைதியான மூலை வேண்டும். ஆகவே முதலில் பிள்ளையைப் பார்க்க வேண்டும். பெஞ்சைப் பிறகு நகர்த்தலாம்.

“அப்படியானால் எங்கள் பிள்ளைகளின் படிப்புக் கெடாதா?” நாற்பது பேருக்கு ஒரே ஆசிரியை, துணைக்குப் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர் எவருமில்லை என்றால், எல்லார் படிப்புக்கும் இடைஞ்சல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் குறையைப் பள்ளி நிர்வாகத்திடமும் அரசாங்கத்திடமும் கேளுங்கள், குழந்தையின்மேல் சுமத்தாதீர்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளமாகச் சாய்தளம் கட்டினால், சக்கர நாற்காலியோடு, கால் சுளுக்கிய உங்கள் மகனும், பேரனை அழைத்துப் போக வரும் பாட்டியும் அதில்தான் ஏறுவார்கள்.

கடைசியாக, இத்தகைய பிள்ளையைப் பெற்றவர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. மூத்தவளுக்கு வரன் பார்க்கிறபோது வெளியில் தெரிந்துவிடுமே என்று இளையவனை உள்ளறையில் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. உங்கள் பயத்துக்குக் காரணம் நம் ஊராரின் நாக்கு என்பதை அறிவேன். ஆயினும் ஒருத்தியின் கலியாணத்துக்கு மற்றவனுடைய பள்ளிக்கூடத்தை விலையாகக் கொடுப்பது எந்தக் கணக்கிலும் நீதியாகாது. ஜூன் மாதச் சேர்க்கைக்கு அவனைக் கூட்டி வாருங்கள். மற்றவர்களே, அன்று அவனை வெறித்துப் பாராமல், உங்கள் பிள்ளையின் பக்கத்தில் அவனுக்கு இடம் விடுங்கள்.

உங்கள் பங்குக்குரு