வசனத்தோடு படியுங்கள்

அமெரிக்க மிஷன் மருத்துவர் ஜோன் ஸ்கடர் 1820இல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் குடியேறினார். 1823இல் வட்டுக்கோட்டையில் மிஷனின் செமினறி தொடங்கியது. பெடியங்கள் விடுதியில் தங்கி, ஆங்கிலத்திலேயே கணிதமும் வானியலும் படித்தார்கள். இந்தப் பக்கத்துக்கு ஆங்கிலம் நேற்று வந்ததல்ல.

என்றாலும், இலக்கணப் பிழையில்லாமல் எழுதுகிற பிள்ளை லண்டன் மச்சாளோடு போனில் கதைக்கத் தடுமாறுகிறது. காரணம் 'ஓஃப்', 'அப்' போன்ற சொற்களோடு சேர்ந்து பொருள் மாறுகிற 'புட்', 'கெட்', 'டேக்' போன்ற சின்ன வினைகள். 'புட் ஓஃப்' என்றால் தள்ளிப்போடுவது, 'புட் அப் வித்' என்றால் சகித்துக்கொள்வது. சொல் சொல்லாகப் பிரித்து அகராதியில் தேடினால் இரண்டுமே பிடிபடாது. தமிழ் படிக்கிற வெளிநாட்டவருக்கு 'கைவிடு', 'கைகொடு' என்பவற்றிலும் இதே சங்கடந்தான். நம்மைப்போல வினையைக் கடைசியில் வைத்துப் பேசுகிற கொரியர்களுக்கும் ஆங்கிலத்தில் இதே பாடு.

இப்படியான நூறு தொடரைப் பட்டியல் போட்டுப் பாடமாக்குவது வீண்வேலை. (ரியூசன் மாஸ்டர்மார் கோபிக்கக்கூடாது.) 'தே புட் ஓஃப் த வெடிங்' என்று ஆளும் காரியமும் சேர்ந்த முழு வசனமாகக் கொப்பியில் எழுதுங்கள். ஒருக்கா வாய்விட்டுச் சொல்லுங்கள். நாளைக்கு அதே வசனத்தில் கலியாணத்தை எடுத்துவிட்டுப் பயணத்தை வைத்துப் பாருங்கள்.