அகுஸ்தீனாரை விழிக்கச் செய்த நூல்

கிறிஸ்தவரல்லாத ஒருவர் எழுதிய மெய்யியல் நூலை நம் பிள்ளைகள் படிக்கலாமா? அது விசுவாசத்துக்கு ஊறு செய்யாதா? இவ்வாறு அஞ்சும் பெற்றோர் உளர். பரீட்சைக்கு அதனால் என்ன பயன் என்று கேட்போர் இன்னும் பலர். இரு சாராரும் புனித அகுஸ்தீனாரின் இளமையைச் சற்று நினைத்துப் பார்த்தல் நன்று.

கி.பி. 373ஆம் ஆண்டளவில் அவர் வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் சொற்கலை பயின்றுகொண்டிருந்தார். அப்போது அவருக்குப் பத்தொன்பதாம் வயது. தந்தை இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. படிப்புச் செலவுக்குத் தாயார் மோனிக்கம்மாளே பணம் கொடுத்தார். நாவன்மை பெற்று உயர்நிலை அடைவதே படிப்பின் நோக்கம். பாடநூல்களுள் உரோம அறிஞர் சிசரோவின் 'ஹோர்ட்டென்சியுஸ்' என்பதும் ஒன்று. மெய்யறிவைத் தேடுமாறு தூண்டும் அந்நூலின் சில பகுதிகளே இன்று எஞ்சியுள்ளன.

நாவைத் தீட்டுவதற்காக அதை எடுத்தவர், அது கூறிய பொருளில் உள்ளத்தைப் பறிகொடுத்தார். உலக நம்பிக்கைகள் சிறியனவாகத் தோன்றின. அழியா ஞானத்தின்மீது தாகம் பிறந்தது. குழந்தைப் பருவத்திலேயே தாயிடம் கற்ற கிறிஸ்துவின் திருப்பெயர் அதில் இல்லையே என்பது ஒன்றுதான் குறையாக இருந்தது.

ஆயினும் அவர் உடனே மனந்திரும்பிவிடவில்லை. வேதாகமத்தைத் திறந்தார், சிசரோவின் நடைச்சிறப்பு அதில் இல்லையென்று செருக்குடன் ஒதுக்கினார். மனிக்கேயரின் தப்பறையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிக்கிக்கிடந்தார். ஆகவே பெற்றோரின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆனால் பிழை நூலினுடையதா? ஞான வேட்கை பிறந்து பன்னிரண்டு ஆண்டுகள் சென்ற பின்னும் தாம் காலம் தாழ்த்தியதை அவரே அறிக்கையிடுகிறார். இறுதியில் அவரைத் தடுத்தது அறியாமையன்று. அறிந்தவாறு வாழ மனம் துணியாமையே. 387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவின்போதுதான் மிலான் நகரில் ஆயர் புனித அம்புரோசியாரிடம் திருமுழுக்குப் பெற்றார்.

நல்ல நூல் நம்மை எழுப்பிவிடும். எழுந்து நடக்க வேண்டியவர்கள் நாமே. அதற்குத் தாழ்ச்சியும் இறையருளும் வேண்டும். பிள்ளையின் கையிலிருந்து நூலைப் பறிப்பதைவிட, அதைப்பற்றி அவனோடு உரையாடுவதும், மோனிக்கம்மாளைப்போல் அவனுக்காகச் செபிப்பதும் மேல்.

படித்து முடித்த பிள்ளையிடம், "எத்தனை புள்ளி?" என்று கேட்கிறோம். "இந்த நூல் உன்னிடம் எதைக் கேட்கிறது?" என்றும் ஒருமுறை கேட்போமா?