மருந்தென்றால் ஆகுமா?

மதுரைக்குத் தெற்கே அவனியாபுரத்துக் கண்மாய்க் கரைகளில் உடும்பைக் கண்டவர் பலர் இருப்பர். நகருக்கு வடகிழக்கே அரிட்டாபட்டிக் குன்றுகளில் எறும்புதின்னி எனப்படும் அலங்கும், தேவாங்கும் வாழ்கின்றன. 2022 நவம்பரில் தமிழக அரசு அவ்விடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது அவ்விரண்டின் பெயரையும் எடுத்துரைத்தது. இம்மூன்று பிராணிகளுக்கும் ஒரே பகை. உடும்பின் கொழுப்பு மூட்டு வலிக்கு, தேவாங்கின் விழி கண்ணோய்க்கு, அலங்கின் செதிலோ எண்ணற்ற பிணிகளுக்கு என்று மனிதன் அவற்றின் உடம்பிலே மருந்தைக் கண்டான்.

"வீண் வேட்டை பாவம்தான், மருந்துக்காக என்றால் ஆகுமல்லவா?" என்று கேட்பார் உண்டு. எளிதில் தள்ளிவிடக் கூடிய வினா அன்று இது. வலியால் துடிப்பவனிடம் வனவிலங்குச் சட்டம் பேசுவது இரக்கமாகாது. நிர்ப்பந்தம் வந்துற்றால் விலக்கப்பட்டதும் அனுமதிக்கப்படும் என்பது நம் ஃபிக்ஹு மேதைகள் வகுத்த விதியன்றோ? ஆயினும், அம்மருந்தால் குணம் உண்டாகும் என்பது நம்பகமாகத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மாற்றும் இல்லாதிருக்க வேண்டும் என்று அவர்களே நிபந்தனையும் விதித்தார்கள்.

அலங்கின் செதிலை அந்த உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். அது கெராட்டின் என்னும் பொருளால் ஆனது. நம் விரல் நகமும் தலைமுடியும் அதே பொருள்தாம். நகத்தைக் கடித்துக் குணம் பெற்றவர் யார்? சீனத்து அரசு மருந்து நூலே 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்செதிலைத் தனி மருந்துகளின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய நாடுகள் எட்டு வகை அலங்குகளின் பன்னாட்டு வணிகத்துக்கும் தடை விதித்தன. எனினும் கள்ள வாணிபம் ஓயவில்லை. எதிரியைக் கண்டால் பந்தாகச் சுருண்டுகொள்வது அதன் தற்காப்பு. சிறுத்தையின் பல்லும் எளிதில் நுழையாத அந்தக் கவசத்தை மனிதன் வெறுங்கையால் தூக்கிச் சாக்கில் போட்டுக்கொள்கிறான்.

ஆட்டையும் கோழியையும் அறுத்துண்ணும் நாம் அலங்குக்காக வருந்துவது போலித்தனம் என்பாரும் உளர். ஆடு நாம் வளர்க்க வளர்வது. அலங்கோ பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரு குட்டியே ஈனும். அடைத்து வளர்த்தாலும் எளிதில் பிழைப்பதில்லை. அதைக் கொன்றால் ஈடு செய்வார் யார்?

ஒரு வைத்தியர் தவளையை மருந்தில் சேர்ப்பது குறித்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவினார். அதைக் கொல்ல வேண்டாமென அவர்கள் தடுத்துவிட்டார்கள். இந்த அறிவிப்பு அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. கேட்டவர் வேடரல்லர், வைத்தியர் என்பதைக் கவனிக்க வேண்டும். மருந்து என்ற ஒரு சொல்லே அனுமதிச் சீட்டாகிவிடவில்லை. மறுபுறம், பதினான்காம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த தமீரீ எனும் பேரறிஞர், தம் 'ஹயாத்துல் ஹயவான்' நூலில் பிராணிகளின் மருத்துவ குணங்களையும் விரிவாகத் தொகுத்திருக்கிறார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் காலத்தில் விமானமும் கப்பலும் ஏறிக் கண்டம் தாண்டும் செதில் மூட்டைகள் இல்லை.

நோயாளியின் கதி என்ன? அதற்கும் நம் மருத்துவ மரபிலேயே வழி உண்டு. ஒரு சரக்குக் கிடைக்காதபோது அதற்கு ஈடாக எதைச் சேர்க்கலாம் என்பது பற்றி, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த அர்ராஸீ தனி ஏடே எழுதினார். 'பதல்' எனப்படும் அந்த மாற்றுச் சரக்கு முறை யூனானியில் இன்றும் வழக்கில் இருக்கிறது. ஆகவே ஹக்கீமிடம் செல்பவர், தமக்கு எழுதித் தரும் சீட்டில் காட்டுப் பிராணியின் சரக்கு ஏதும் உண்டா, உண்டெனில் அதற்குப் பதல் எது என்று தாராளமாகக் கேட்கலாம். கேட்பதில் வெட்கமென்ன? அந்த வைத்தியர் நபிகளாரிடமே கேட்டாரே.