ரத்தத்தில் என்ன இருக்கிறது?

'ரத்தத்திலேயே ஊறினது' என்பதை நாம் இரண்டு விதமாகச் சொல்கிறோம். நன்றாகப் பாடும் பிள்ளையைப் பார்த்துச் சொன்னால் அது பாராட்டு. கல்யாணப் பேச்சு நடக்கும் திண்ணையில் சொன்னால் அது தீர்ப்பு.

பாரூரில் எங்கள் சொந்தத்தில் ஒரு பெண். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. கூட வேலை செய்கிற, வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொள்ள விரும்புகிறாள். பெரியப்பா கத்தவில்லை. நிதானமாகத்தான் சொன்னார்: "பையன் நல்லவன்தாண்டா. ஆனா ரத்தம்னு ஒண்ணு இருக்குல்ல?"

ஆணவக் கொலைச் செய்திகளில் அடிபட்ட மாவட்டம் எங்களுடையது. அந்த நிதானமான வாக்கியம் எங்கே போய் முடியும் என்று தெரிந்தவர்கள் அதைச் சும்மா விட்டுவிட முடியாது. அதனால் கேள்வியை நேராகவே எடுத்துக்கொள்கிறேன். ரத்தத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

பதில் கொஞ்சம் வேடிக்கையானது. பரம்பரைச் செய்தி செல்லின் உட்கருவில் டி.என்.ஏ.வாக இருக்கிறது. மனிதனின் சிவப்பணுவோ முதிரும்போதே தன் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. அதற்குள் மிஞ்சுவது பெரும்பாலும் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின்தான். குலம், கோத்திரம் என்று நாம் சத்தியம் பண்ணுகிற அந்தச் சிவப்பில் பரம்பரை எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

வெள்ளையணுக்களில் உட்கரு உண்டு. பெரியப்பா அதைத்தான் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற சின்ன உறுப்பும் இருக்கிறது. சாப்பாட்டைச் சக்தியாக்குவது அதன் வேலை. அதற்கென்று தனி டி.என்.ஏ., 37 மரபணுக்கள். அது நமக்கு அம்மா வழியாகத்தான் வருகிறது. அப்பா வழியில் குலம் சொல்கிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதுவும் ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியா, இன்னொரு செல்லுக்குள் குடியேறித் தங்கிவிட்டது என்று 1967இல் லின் மார்குலிஸ் எழுதினார். அப்போது பலர் ஏற்கவில்லை. இன்று அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நம் ஒவ்வொரு செல்லும் ஒரு கலப்பில் பிறந்ததுதான்.

சரி, உட்கருவில் எழுதியிருப்பதாவது விதியா? எங்கள் ஊரையே பாருங்கள். தென்பெண்ணையில் நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தண்ணீர் வாங்கும் பாரூர் ஏரி இருக்கிறது; மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையமும் இருக்கிறது. 'கிஃப்ட்' திலேப்பியா என்றால் இங்கே தெரியும். சந்தையில் ஜிலேபி என்போமே, அந்த இனத்தின் மேம்பட்ட வகை. திலேப்பியா வளர்ப்பில் உலகம் முழுக்க ஒரு முறை உண்டு. குஞ்சுகளுக்குச் சுமார் 3 வாரம் ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் போடுவார்கள். பெண் குரோமோசோம்களோடு பிறந்த குஞ்சும் ஆணாக வளர்ந்துவிடும். உட்கருவில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. எந்தப் பக்கம் வாசிக்கப்பட்டது என்பதுதான் மாறியது. செல்லில் எழுதியிருப்பது ஒன்று, அது என்னவாக வளர்கிறது என்பது இன்னொன்று.

இங்கேயே நிறுத்தினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் நிறுத்த முடியாது. பெரியப்பா பக்கமும் ஒரு சாட்சி இருக்கிறது. 2013இல் ஐதராபாத் சி.சி.எம்.பி.யின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் அவர்களுடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதன்படி, இந்தியச் சமூகங்கள் ஏறக்குறைய எல்லாமே சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை ஒன்றோடொன்று கலந்தன. அதன் பிறகு கதவு சாத்தப்பட்டது. அகமணத்தின் தடம் இன்றும் நம் மரபணுக்களில் தெரிகிறது. அதாவது 'ரத்தத்தில் வித்தியாசமே இல்லை' என்று நான் அடித்துப் பேச முடியாது.

இதனால்தான் செல்லைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது எனக்கு இப்போது ஆபத்தாகப் படுகிறது. வித்தியாசம் இல்லை என்பதால் நாம் சமம் என்று வாதாடினால், நாளைக்கு ஒரு வித்தியாசம் கிடைத்ததும் வழக்கில் தோற்றுப்போவோம். சமத்துவம் ஆய்வுக்கூடத்தின் முடிவுக்காகக் காத்திருக்கிற விஷயமா என்ன?

ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருத்தனுக்குச் சர்க்கரை வரும், இன்னொருத்தனுக்கு வராது. இருவர் செல்லிலும் வித்தியாசம் இருக்கலாம். அதற்காக யாரும் ஒருத்தனைத் திண்ணையோடு நிறுத்துவதில்லை. வித்தியாசம் இருப்பது வேறு, அதை மேல் கீழ் என்று அடுக்குவது வேறு. முதலாவதைச் செல் செய்கிறது. இரண்டாவது முழுக்க முழுக்க மனுஷ வேலை. மனுஷ வேலை என்பதால் அதற்குக் கணக்குக் கேட்கலாம், நிறுத்தவும் சொல்லலாம்.

அறிவியல் நமக்குச் செய்கிற உதவி, பொய்ச் சாட்சியைக் கலைப்பது. சிவப்பணு காலி, விதி என்று ஒன்றும் எழுதப்படவில்லை, தூய்மை என்பது எங்கேயும் கிடையாது. இதையெல்லாம் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் இரண்டு பேர் சேர்ந்து வாழலாமா என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது என்பதை எந்த நுண்ணோக்கியும் காட்டப்போவதில்லை. அதை நாம்தான் சொல்ல வேண்டும், ஆய்வு முடிவு எந்தப் பக்கம் வந்தாலும்.