தரை பார்த்துப் போடும் நங்கூரம்

தென்பெண்ணை ஆற்றில் வருஷத்தின் பெரும்பகுதி நங்கூரத்துக்கு வேலை கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் மணல்தான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டபோதோ, எந்த நங்கூரமும் நின்றிருக்காது. இந்த இரண்டு நிலைக்கும் நடுவில், தண்ணீர் மிதமாக ஓடும் நாட்களில்தான் மீன் பிடிக்கும் சிறு படகுக்கு அந்தக் கேள்வி வருகிறது: எதைக் கட்டி இறக்குவது?

கையில் அகப்பட்ட கருங்கல்லைக் கட்டி இறக்குவதுதான் பழைய வழி. கனமாக இருந்தால் போதும் என்று தோன்றும். ஆனால் கரையில் 10 கிலோ இருக்கும் கருங்கல், தண்ணீருக்குள் போனதும் ஏறக்குறைய 6 கிலோதான். அதே 10 கிலோ இரும்பு எட்டரை கிலோவுக்குக் குறையாமல் நிற்கும். அப்போதும் கனத்தால் மட்டும் படகு நிற்பதில்லை. மணலிலும் சேற்றிலும் மண்வெட்டி போலத் தட்டையான இதழ் உள்ள நங்கூரம் புதைந்து பிடிக்கிறது. பாறையிடுக்கில் அது வழுக்கும். அங்கே நாலு கொக்கி உள்ளதுதான் சரி. அந்தக் கொக்கியைச் சேற்றில் போட்டால் வெண்ணெயில் விரலை விட்டதுபோல இழுபட்டு வந்துவிடும். 1933இல் ஏர்முனை வடிவ நங்கூரம் ஒன்றை உருவாக்கிய ஜெஃப்ரி டெய்லர் பேர்பெற்ற இயற்பியலாளர். அவர் தேடியது எடை குறைந்து, பிடி கூடிய ஒன்றை.

கயிற்றுக்கும் கணக்கு உண்டு. ஆழத்தைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட வேண்டும். அப்போதுதான் இழுப்பு தரையை ஒட்டிப் போகும். நங்கூரம் இன்னும் ஆழப் புதையும். கயிற்றைக் குறைத்தால் ஒவ்வொரு அலையும் அதைப் பிடுங்கிவிடும். ஓட்டமுள்ள ஆற்றில் கயிற்றைப் படகின் முன்முனையான அணியத்தில்தான் கட்டுவார்கள். பின்முனையான அமரத்தில் கட்டினால் தண்ணீர் பின்பக்கமாக ஏறிப் படகையே மூழ்கடித்துவிடும்.

ஆக, நங்கூரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் தரையைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மனிதரின் பற்றுக்கும் இது பொருந்தும். பற்று நல்லதா கெட்டதா என்று நூற்றாண்டுகளாக நடக்கும் வழக்கில் இதே வாதத்தை வைத்தவர் ஒருவர் இந்த ஆற்றுப்பக்கமே இருந்தார். 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதம் 12 சூத்திரங்கள், 40 வரிகள்; சைவ சித்தாந்தம் முழுதும் அதன்மேல் நிற்கிறது. உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும் என்பது அந்தத் தத்துவத்தின் அடிப்படைகளில் ஒன்று. உயிரால் எதையும் சாராமல் இருக்க முடியாது. ஆணவம் முதலான அழுக்காகிய மலத்தைச் சார்ந்தால் மலமாகவும், இறைவனைச் சார்ந்தால் அவன் இயல்பாகவும் நிற்கும். கயிற்றை அறுப்பதைப் பற்றி இங்கே பேச்சில்லை. கயிற்றின் மறுமுனை எதைப் பிடித்திருக்கிறது என்பதுதான் பேச்சு.

மெய்கண்டாரைப் பற்றி வழங்கும் கதையும் இதற்குப் பொருத்தமானது. குடும்பத்தின் குருவான சகலாகம பண்டிதர், இந்தச் சிறுபிள்ளை தன்னை வந்து பார்க்கவில்லையே என்ற கோபத்தோடு வந்து, ஆணவத்தின் வடிவம் என்ன என்று கேட்டாராம். பிள்ளை வாயே திறக்கவில்லை. பண்டிதரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தது. அவ்வளவுதான். மூத்தவர் இளையவரின் காலில் விழுந்து அருணந்தி சிவாச்சாரியாராக எழுந்தார். படித்த படிப்பின் கனம் அத்தனை நாள் அவரை நிறுத்தியிருந்தது. எந்தத் தரையில் என்பதுதான் அன்றுவரை அவருக்குத் தெரியாமலிருந்தது.

கல்லே கரையேற்றிய கதையும் பக்கத்தில்தான் இருக்கிறது. பண்ருட்டி அருகே திருவாமூரில் பிறந்த அப்பர், சமணத்தில் தருமசேனராக இருந்து, சூலை நோயோடு திருவதிகையில் தமக்கை திலகவதியாரிடம் திரும்பியவர். சைவத்துக்குத் திரும்பியதற்காகப் பல்லவ மன்னன் அவரைக் கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளினான், கல் தெப்பமாக மிதந்து திருப்பாதிரிப்புலியூரில் கரை சேர்ந்தது என்கிறது பெரியபுராணம். கிறிஸ்தவ மரபிலும் இதற்கு இணை ஒன்று உண்டு. ரோமாபுரியின் புனித கிளமெண்ட்டை நங்கூரத்தில் கட்டிக் கருங்கடலில் எறிந்தார்கள் என்பது அவரைப் பற்றிய கதை, அவர் மூழ்கினார். ஆனால் ரோமாபுரிக் கல்லறைச் சுரங்கங்களில் ஆதிக் கிறிஸ்தவர்கள் நம்பிக்கையின் அடையாளமாகச் செதுக்கியதும் நங்கூரத்தைத்தான். ஒரே கருவி ஓரிடத்தில் கொலைக்கும் இன்னோரிடத்தில் ஆறுதலுக்கும் நிற்கிறது. அப்பர் கதையைச் சரித்திரமாக வாசிப்பவர்கள் கல் எப்படி மிதக்கும் என்ற இடத்தில் நின்றுவிடுகிறார்கள். கதை சொல்லும் செய்தி வேறு: கழுத்துக்குக் கட்டியதை யார் கட்டினார்கள் என்பதைவிட, அந்த நேரத்தில் கட்டப்பட்டவர் எதைப் பிடித்திருந்தார் என்பதே முக்கியம்.

அப்பரைப் போலவே தேவாரம் பாடிய சுந்தரருக்கோ பிடித்துக்கொள்ளும் வேலைகூட இல்லை; இறைவனே அவரைப் பிடித்துக்கொண்டார். கல்யாணப் பந்தலில் சிவனே ஒரு கிழவராக அடிமை ஓலையோடு வந்து தடுத்தார், திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் வழக்கு நடந்தது, மாப்பிள்ளை தோற்றார். கல்யாணம் நின்றுபோன ஊரின் பெயரே மணம் தவிர்ந்த புத்தூர்.

இத்தனைக்கும் எதிர்க்கட்சி, திருவெண்ணெய்நல்லூர் இருக்கும் அதே மாவட்டத்தில் செஞ்சிக்குப் பக்கத்திலுள்ள திருநாதர்குன்றுப் பாறையில் இருக்கிறது. 24 தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய அந்தக் குன்றின் கல்வெட்டு, சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்கிறது. சமணத்தின் பதில் எளிது, கடுமையானது: நல்ல தரை, கெட்ட தரை என்ற தேர்வே வேண்டாம், கயிற்றை இழை இழையாக விட்டுவிடு. உடைமை, உறவு, கடைசியில் உணவு. திண்டிவனம் பக்கத்து மேல்சித்தாமூர் மடம் இன்றும் தமிழ்ச் சமணர்களின் தலைமைப் பீடமாக இருக்கிறது.

அருணந்தி சும்மா விடவில்லை. சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் சமணர் உள்ளிட்ட பிற மதத்தார் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து மறுத்தார். வாதத் திறமையில் குறை சொல்ல முடியாது. எதையும் சாராமல் உயிர் நிற்காது என்று நினைப்பவருக்கு அந்த மறுப்பு போதும். ஆனால் அது பதில் சொல்வது சமணத்தின் கொள்கைகளுக்கு. 57 நாள் ஒரு மனிதர் குன்றின்மேல் உட்கார்ந்திருந்ததற்கு அதில் பதில் இல்லை.