நெஞ்சு தாங்காது என்று மறைக்கலாமா?

ஏற்கெனவே மாரடைப்பு கண்ட ஒருவருக்குப் புற்றுநோயும் இருப்பதாகத் தெரியவந்தால், குண்டசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் எளிதாக எழும் வேண்டுகோள் ஒன்று உண்டு: "அப்பாக்கிட்ட சொல்லிறாதீங்க டொக்டர், அவருக்கு நெஞ்சு தாங்காது." கண்டி தேசிய வைத்தியசாலையில் வைத்தியர் சிங்களத்தில் விளக்குவதை மகன் தமிழில் எடுத்துச்சொல்ல நேர்ந்தால், மறைப்பது இன்னும் எளிது. புற்றுநோய் 'சின்னக் கட்டி' ஆகிவிடும். மருந்தேற்றுவது 'சத்து ஊசி' ஆகிவிடும்.

இது வஞ்சகமல்ல, அன்பு. அந்தப் பயத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. ஸ்வீடனில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு ஒன்று, புற்றுநோய் கண்டறியப்பட்ட முதல் வாரத்தில் இதய, இரத்தநாள நோய்களால் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல் என்று காட்டியது. மறைக்கும் மகனை நோக்கி விரல் நீட்டுபவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை, செய்தியை எப்படிச் சொல்வது என்பதில்தான். ஒரே மூச்சில் கொட்டாமல், உறவினர் அருகிருக்க, இதய வைத்தியரின் கவனிப்போடு, கேட்பவர் தாங்கும் அளவுக்குச் சொல்லலாம். சொல்லாமலே விடுவதற்கு அது அனுமதியாகாது.

சிகிச்சையே அதற்கு இடம் தருவதில்லை. டொக்சோரூபிசின் என்ற சிவப்பு மருந்து புற்றை அழிக்கும்போதே இதயத் தசையையும் தாக்கக்கூடியது. உடற்பரப்பின் சதுர மீற்றருக்கு மொத்தம் 400 மில்லிகிராம் ஏறியவர்களில் ஏறத்தாழ 5 சதவீதத்தினருக்கு இதயச் செயலிழப்பு வந்ததாகவும், 550 மில்லிகிராமில் அது 26 சதவீதமாக உயர்ந்ததாகவும் 2003இல் வெளியான ஆய்வு கணித்தது. முன்பே பலவீனப்பட்ட இதயத்துக்கு ஆபத்து இன்னும் முன்னதாகவே தொடங்கும். அதனால்தான் எக்கோ பரிசோதனை திரும்பத் திரும்பச் செய்யப்படுகிறது. ஆனால் இரண்டு எக்கோவுக்கு இடைப்பட்ட நாட்களில் காவல் இருப்பவர் நோயாளிதான். படுத்தால் மூச்சு முட்டுகிறது, மாலையில் கால் வீங்குகிறது, இரண்டே நாளில் எடை கூடிவிட்டது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். சத்து ஊசி போடுவதாக நம்புகிறவர் இதையெல்லாம் களைப்பென்று விட்டுவிடுவார். இதயத்தைக் காக்கவென்று சொன்ன பொய், இதயத்தையே காவலின்றி விட்டுவிடுகிறது.

அதைவிடப் பெரிய கேள்வி, முடிவெடுக்கும் உரிமை யாருடையது என்பது. மருந்தைத் தொடர்ந்தால் இதயம் தளரலாம். நிறுத்தினால் கட்டி வளரலாம். எந்த ஆபத்தோடு வாழ்வது என்பதற்கு மருத்துவம் மட்டும் விடை தராது. பேத்தியின் கலியாணம் வரை போதும் என்பார் ஒருவர். எத்தனை கஷ்டமானாலும் போராடுவேன் என்பார் இன்னொருவர். இரண்டுமே நியாயம். அவருக்குத் தெரியாமல் அவருக்காகத் தேர்வதுதான் அநியாயம்.

"எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம், மகனிடம் பேசுங்கள்" என்று நோயாளியே சொன்னால், அதை மதிக்க வேண்டும். ஆனால் அது அவர் தந்த பொறுப்பாக இருக்க வேண்டும், பிள்ளைகள் தாமாக எடுத்துக்கொண்ட பொறுப்பாக அல்ல. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்பதைத்தான். அதை அவருக்கு விளங்கும் தமிழிலேயே கேட்க வேண்டும். தமிழும் இலங்கையின் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் சொல்கிறது. எடுத்துச்சொல்லும் வேலையை வைத்தியசாலையே ஏற்றுக்கொண்டால், தந்தைக்கும் உண்மைக்கும் நடுவே நிற்கும் சுமை மகனின் தலையிலிருந்தும் இறங்கும்.