கண்டவர் சொன்னால் போதுமா?

அபுதாபியில் ருவைஸ் இருக்கும் அல் தஃப்ரா வட்டாரம் சுமார் எழுபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆறு ஓடிய நிலம். நீர்யானையும் முதலையும் அங்கே வாழ்ந்ததைப் பைனூனாப் பாறைப் படிவுகள் காட்டுகின்றன. அதே வட்டாரத்தில் ம்லைசா என்ற இடத்தில், சுண்ணாம்புப் பாறைமேல் யானைக் கூட்டமொன்று நடந்துபோன தடங்கள் கிடக்கின்றன. குறைந்தது 13 யானைகள் சேர்ந்து போயிருக்கின்றன. பெரிய உடம்புள்ள ஒற்றை யானையின் தடம் அவற்றைக் குறுக்கே வெட்டிப் போகிறது. தரையில் நின்று பார்ப்பவருக்குக் குழிகள்தான் தெரியும். ஆய்வாளர்கள் பட்டத்தில் சிறு கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டு, நூற்றுக்கணக்கில் படமெடுத்து, அவற்றை ஒன்றோடொன்று பொருத்தியபோது நடையின் ஒழுங்கு புலப்பட்டது. காலடிகளுக்கு இடையிலான தொலைவை அளந்து உடலின் அளவைக் கணித்தார்கள். பெண் யானைகளும் குட்டிகளும் கூட்டமாகவும், வளர்ந்த ஆண் தனித்தும் திரியும் இன்றைய வழக்கம் அன்றே இருந்திருக்க வேண்டும் என்று 2012இல் எழுதினார்கள்.

இதை நாம் எதை நம்பி ஏற்கிறோம்? சைவ சித்தாந்தம் அறிவின் அளவைகளாகக் காட்சி, கருதல், உரை என்ற மூன்றைக் கொள்கிறது. ம்லைசாவில் குழிகளைக் கண்டது காட்சி. அதிலிருந்து கூட்டத்தையும் ஒற்றை ஆணையும் ஊகித்தது கருதல். அங்கே போகாத நமக்கோ வந்து சேர்வது உரை மட்டுமே. அந்தப் பாறையும் காற்றிலும் மழையிலும் தேய்ந்துகொண்டிருக்கிறது. ஒரு நாள் காட்சியே இல்லாமல் போகும். அப்போது படங்களே மூலமாகிவிடும். எந்தப் படம் எந்த இடத்தில், எந்த நாளில், என்ன அளவுகோலில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு தொலைந்தால், எஞ்சுவது பெயரில்லாத குழிகளின் படம். ஆய்வாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், சரிபார்க்க வழியில்லாத உரையை ஏற்கச் சொல்வது பிறர் அறிவின்மேல் செய்யும் வற்புறுத்தல். ஆய்வைத் தொடங்கும் முன்பே தரவை எப்படிப் பெயரிட்டு, எங்கே வைத்து, யார் பொறுப்பில் விடுவது என்று திட்டமிடுவதை அறத்தின் பகுதியாக நான் கருதுவது இதனால்தான்.

உரையைச் சரிபார்க்கும் வழியை ஒரு சமய மரபே முறைப்படுத்திக் காட்டியிருக்கிறது. நபிமொழியைத் தொகுத்த இமாம் புகாரியும் (இறப்பு 870) இமாம் முஸ்லிமும் (இறப்பு 875) வாசகத்தை மட்டும் எழுதிவைக்கவில்லை. யார் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடரையும் கூடவே பதிந்தார்கள். அறிவிப்பாளர்கள் ஒவ்வொருவரின் நினைவாற்றலையும் நாணயத்தையும் ஆராய ஒரு தனித் துறையே வளர்ந்தது. தொடர் அறுந்திருந்தால், வாசகம் எத்தனை அழகாக இருந்தாலும் அது பலவீனமான ஹதீஸ். பிறர் ஒப்படைத்ததை அமானிதமாகக் காக்கும் இந்த ஒழுக்கம், ஆய்வகத்து ஹார்ட் டிஸ்க்குக்கும் பொருந்தும்.

ஒழுக்கம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. உயிரியல் கட்டுரைகள் 516க்கு அடிப்படையான தரவுகளை அவற்றின் ஆசிரியர்களிடமே கேட்டுப் பார்த்த ஆய்வொன்று 2014இல் வெளியானது. கட்டுரைக்கு வயது ஒவ்வோர் ஆண்டு கூடும்போதும், தரவு கிடைக்கும் வாய்ப்பு விகிதம் 17 சதவீதம் குறைந்திருந்தது. மின்னஞ்சல் முகவரி மாறியிருந்தது, பழைய வட்டைப் படிக்கக் கருவி இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தால் அழிக்கவில்லை. யாருடைய கடமை என்று முன்கூட்டியே எழுதி வைக்காததால் போயிற்று.

எதிர்வாதங்களில் எளியது, தரவுக்கான திட்டம் எழுதுவது நிதி தருபவர் சுமத்தும் அலுவலகச் சடங்கு என்பது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011 முதல் கேட்ட திட்டம் அதிகபட்சம் இரண்டு பக்கம். அதைச் சடங்காக்குவதும் சத்தியமாக்குவதும் எழுதுபவர் கையில். எல்லாவற்றையும் திறந்துவைத்தால் புதைபடிவத்தைத் திருடிப் போவார்களே என்ற அச்சம் நியாயமானது. ஆனால் இருப்பிடத்தை மறைத்து அளவுகளை வெளியிடுவது, பேட்டி கொடுத்த தொழிலாளியின் பெயரை நீக்குவது போன்ற முடிவுகளை எடுக்கும் இடமே இந்தத் திட்டம்தான்.

ஆழமான மறுப்பு வேறு. தில்லையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைக் கறையான் அரித்திருக்கக் கண்டு ராஜராஜன் வருந்தியபோது, இக்காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்தோம் என்று வானிலிருந்து குரல் எழுந்ததாகச் சைவ மரபு சொல்கிறது. நிலைக்க வேண்டியது தானே நிலைக்கும் என்றால், நாம் ஏன் பதற வேண்டும்? அந்த ஆறுதலை நான் மதிக்கிறேன். அது யாருக்குக் கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். தேடி வந்து, கதவைத் திறக்கச் செய்து, புற்றை அகற்றியவர்களுக்கு அது கிடைத்தது. காவலில் வைத்திருந்தவர்கள் அசட்டையாக இருக்கலாம் என்ற அனுமதி அதில் இல்லை. இழந்தபின் மனம் தேறச் சொல்லும் வாக்கை, இழக்கும் முன் கைகட்டி நிற்கக் காரணமாக்குவது பிழை.

வளைகுடாவிலோ தமிழ்நாட்டிலோ இந்த ஆண்டு ஆய்வைத் தொடங்கும் மாணவர்கள், முதல் அளவை எடுக்கும் முன் அந்த இரண்டு பக்கங்களை எழுதிவிடுங்கள். நீங்கள் இல்லாதபோது அந்தத் தரவுக்குப் பொறுப்பேற்கப் போகிறவரின் பெயரையும் அதில் எழுதுங்கள்.